முடி உதிர்கிறது, வைட்டமின் டி குறைவு என்கிறார்கள்: குமரி மாவட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது?

சென்ற ஆண்டு ஆடிச் சாரலில் நனைந்துகொண்டே ஓர் அம்மா எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். குடையை மடக்கிவிட்டு, கண்ணாடிப் பலகையின் மேல் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு கைப்பிடி முடி. அதிலிருந்து ஒன்றை உருவி, அடி நுனியில் ஊசிமுனை அளவு இருந்த வெள்ளைக் குமிழைக் காட்டினார். "பார் மக்களே, வேரோடு வருகிறது. வைட்டமின் டி இல்லையாம். நல்ல கூடின மாத்திரையாகத் தா." மறுகையில் ரத்தப் பரிசோதனைத் தாள். அதில் வைட்டமின் டி 14 என்று இருந்தது.

மார்த்தாண்டம் பக்கம் பதினெட்டு ஆண்டுகளாக மருந்துக் கடையில் நிற்கிறேன். இப்படி வாரத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். எல்லாரும் ஒரே முடிவோடுதான் வருகிறார்கள்: டி குறைந்தது, அதனால் முடி போகிறது, டி ஏறினால் முடி வந்துவிடும். டி குறைந்திருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். எலும்பும் தசையும் அதை நம்பி இருக்கின்றன. ஆனால் முடி உதிர்வதன் காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதால் ஓராண்டை வீணாக்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் உதிர்வைக் கவனிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த வெள்ளைக் குமிழ்

அது வேர் இல்லை. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும், இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழும். ஓய்வு முடிந்து விழும் முடியின் அடியில் அந்த வெள்ளைக் குமிழ் இருப்பது இயல்பு. முடியைப் பிறப்பிக்கும் குழி தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, அங்கிருந்து அடுத்த முடி கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் நடப்பதுதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை தலை குளிப்பவர்களுக்கு, குளிக்கும் அன்று இரண்டு நாள் உதிர்வும் சேர்ந்து கையில் வரும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள்.

பயத்தை இறக்கி வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். முடி எப்படிக் குறைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தலை முழுவதும் ஒரே சீராகக் கொட்டி, பின்னல் மெலிந்துவிட்டதா? நடு வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறதா? ஆண் என்றால் நெற்றியின் இரு மூலைகளும் உச்சியும் மட்டும் தெளிகின்றனவா? ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக, வழுவழுப்பாக ஓர் இடம் வெறுமையாகிவிட்டதா? கடைசியில் சொன்னதை நம் ஊரில் புழுவெட்டு என்பார்கள். பெயரில்தான் புழு இருக்கிறது, தலையில் புழு எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிக் குழியைத் தாக்குவதால் வருவது அது. இழுத்துக் கட்டிய பின்னலாலும் கொண்டையாலும் நெற்றியோரம் மட்டும் தேய்ந்து போவதும் உண்டு. அதற்கு மாத்திரை வேண்டாம், கட்டைத் தளர்த்தினால் போதும்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ஐம்பது அறுபது முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். ஒன்றிரண்டு வந்தால் கவலை வேண்டாம். பல இடங்களிலும் ஐந்தாறுக்கு மேல் வந்தால் உதிர்வு இப்போது மும்முரமாக நடக்கிறது என்று பொருள்.

அன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரே ஜன்னல் ஓரம், ஒரே நேரம், வகிடு தெரியும்படி. மாதம் ஒன்று போதும். நினைவு நம்மை ஏமாற்றும், படம் ஏமாற்றாது.

நாட்காட்டியை மூன்று மாதம் பின்னால் புரட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். சீராகக் கொட்டும் முடிக்கான காரணம் இன்றைக்கு இருக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் இருக்கும். உடலுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வு மூன்று மாதம் என்று மேலே சொன்னேன் அல்லவா? மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து விழும்.

அந்த அம்மாவிடம் கேட்டேன்: "சித்திரையில் என்ன நடந்தது?" முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு நினைவு வந்தது. டெங்கு காய்ச்சல், எட்டு நாள் படுக்கை, கஞ்சி மட்டும். காய்ச்சல் போன உடனே அதை மறந்துவிட்டார். முடிக் குழிகள் மறக்கவில்லை.

டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென்று சாப்பாட்டைக் குறைத்துப் பத்துப் பதினைந்து கிலோ இறக்கியது, வீட்டில் ஒரு சாவு, சில மருந்துகளைத் தொடங்கியது அல்லது நிறுத்தியது என எதுவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். நெற்றியோரத்தில் குட்டை முடிகள் நட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் புதிது வருகிறது என்று நம்பலாம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பின்னல் பழைய பருமனுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

பிரசவித்த பெண்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிறந்து இரண்டு முதல் நான்கு மாதத்தில் முடி கொட்டுவது மிகவும் சாதாரணம். குழந்தையின் முதல் பிறந்தநாள் வரும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதனால்தான் முதல் ஓராண்டு குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தன் முடியைப் பற்றிக் கேட்க வந்த தாய்மார்கள் பலர் இந்தச் சொட்டைப் பாதியில் நிறுத்தியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதை நிறுத்தாதீர்கள்.

எந்தப் பரிசோதனை முதலில்?

எடுத்த எடுப்பில் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு வேண்டாம். முடி உதிர்வுக்கு முதலில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபினுடன் கூடிய முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச் ஆகியவைதான். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே கிடப்பதுண்டு. இரும்புக் குறைவும் தைராய்டும் முடியை நேரடியாகப் பாதிக்கும், இரண்டுக்கும் மருத்துவம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இவற்றைத் தாண்டிக் குதித்து நேரே டிக்குப் போய்விடுகிறோம் என்பது என் வருத்தம்.

டி பார்ப்பது என்றால் "25 ஹைட்ராக்சி வைட்டமின் டி" என்று எழுதியிருக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. சில ஆய்வகங்கள் நானோமோல் கணக்கில் கொடுக்கும். அதை 2.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நானோமோலில் 50 என்று பார்த்து நிம்மதி அடைந்தவர் வகுத்துப் பார்த்தால் அது 20தான்.

"முடிக்கு நல்லது" என்று பயோட்டின் என்னும் பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையின் முடிவைப் பொய்யாக்கிவிடும். மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

டிக்கும் முடிக்கும் உண்மையில் என்ன உறவு?

உறவு இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. வைட்டமின் டி தன் வேலையைச் செய்ய ஒவ்வொரு செல்லிலும் ஓர் ஏற்பி வேண்டும், பூட்டுக்குச் சாவித் துளை போல. அந்த ஏற்பியிலேயே பிறவிக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு எலும்பு வளைவதுடன் தலைமுடியும் கொட்டிப்போகிறது. ஆனால் ஏற்பி சரியாக இருந்து, வைட்டமின் டி மட்டும் இல்லாமல் எலும்பு வளைந்த குழந்தைகளுக்கு முடி அப்படிப் போவதில்லை. ஆக, முடி மீண்டும் மீண்டும் வளரும் சுழற்சிக்குச் சாவித் துளை தேவை. சாவி எந்த அளவுக்குத் தேவை என்பது வேறு கேள்வி.

முடி உதிர்பவர்களிடம் டி குறைவாக இருந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் நம் நாட்டில் முடி அடர்ந்தவர்களிடமும் டி குறைவு பரவலாக இருக்கிறது. இருவரிடமும் இருக்கும் ஒன்றை ஒருவரின் நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? குறைவை நிரப்புங்கள், அது உடலுக்குச் செய்யும் கடமை. முடிக்கு உதவினால் மகிழ்ச்சி. வகிடு அகலமாகும் பரம்பரை மெலிவை அது மட்டும் நிறுத்தாது.

வெயில்: எப்போது, எவ்வளவு, உடலின் எந்தப் பகுதியில்

கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரிய உதயம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். மனதுக்கு அது பெரிய விருந்து. ஆனால் அந்த இளவெயிலில் வைட்டமின் டி உண்டாகாது என்று சொல்லலாம். தோலில் டியை உருவாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் வர வேண்டியிருப்பதால் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். "தினமும் ஆறரை மணிக்கு நடக்கிறேனே, எனக்கு எப்படிக் குறையும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கடிகாரமே வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கதிர் போதுமான அளவு வருகிறது. நீளமாக இருந்தால் வரவு குறைவு. நம் மாவட்டம் 8 பாகை வடக்கில் இருப்பதால் மார்கழியில்கூடக் காலை பத்தேகாலிலிருந்து பிற்பகல் இரண்டேகால் வரை நிழல் குட்டையாகத்தான் இருக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பல மாதங்கள் கிடைக்காத வாய்ப்பு இது. நமக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, பெரும்பாலும் பன்னிரண்டேகால், பன்னிரண்டரை வாக்கில்தான் வரும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அன்று 12.20 மணி வாக்கில் எங்கள் கடை வாசலில் நின்றால், எதிரே இருக்கும் மின்கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள் ஒடுங்கிப் போயிருக்கும். ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்கு அதைக் காட்டுவேன்.

இவ்வளவு வெயில் இருந்தும் குறைவு ஏன்? வெயிலில் நாம் இல்லை. ரப்பர் பால் வெட்டுபவர் விடியுமுன் வேலைக்குப் போய், இலைக் கூரையின் நிழலிலேயே திரும்பிவிடுகிறார். ஊரில் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் பெண்கள் காலை முதல் மாலை வரை கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், வங்கி எல்லாமே கூரைதான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைப் பாலைவன வெயிலில் வெந்தவர்கள் என்று நினைக்கிறோம். அவர்களில் அறைக்குள் குளிரூட்டியின் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கும் குறைவாக இருக்கும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் சுடும், ஆனால் டி தராது. புற ஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டுவதில்லை. கறுத்த தோலில் உள்ள நிறமி அந்தக் கதிரைத் தடுப்பதால் வெள்ளைத் தோலுக்குச் சொன்ன ஐந்து பத்து நிமிடக் கணக்கும் நமக்குச் சரிவராது.

எனவே இப்படிச் செய்யுங்கள். காலை பத்தரைக்கு மேல் ஏதாவது ஒரு நேரம், கை முழுவதும், முழங்காலுக்குக் கீழ், முடிந்தால் முதுகு வெயில் படும்படி 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துணி உலர்த்துவது, மிளகாய் காயப் போடுவது, விளையில் தேங்காய் பொறுக்குவது என்று வேலையோடு சேர்த்துக்கொண்டால் நாள் தவறாது. வெளியே கை கால் காட்ட விரும்பாத பெண்களுக்கு மறைப்புள்ள மொட்டைமாடியோ அடுக்களைப் பின்முற்றமோ போதும்.

தோல் சிவந்து எரியத் தொடங்கும் முன்பே நிழலுக்கு வந்துவிடுங்கள். அதிக நேரம் நின்றால் அதிக டி கிடைக்காது. ஓரளவுக்கு மேல் உண்டாவதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும். அதனால் வெயிலால் டி அளவுக்கு மீறிப் போவதில்லை, தோல்தான் கெட்டுப்போகும். பங்குனி, சித்திரையில் முதியவர்களும் இதய நோயாளிகளும் உச்சிப்பொழுதைத் தவிர்த்து, நிழல் குட்டையானதுமே தொடங்கிப் பத்தரை மணியோடு முடித்துக்கொள்ள வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள், வெயிலில் தோலை எளிதில் எரியவைக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெயிலில் நிற்கக் கூடாது.

தலையை மட்டும் காட்டாதீர்கள். முடி குறைந்த உச்சந்தலையில் வெயில் பட்டால் முடி முளைக்கும் என்று நம்பி, தொப்பியைக் கழற்றிவிட்டு நடக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். உச்சி கறுத்து, தோல் செதில் செதிலாக உரிந்துதான் கடைக்கு வந்தார். முடி மெலிந்த தலைக்குக் கூரை இல்லை, எனவே தொப்பியோ துண்டோ போட்டே தீர வேண்டும். இருக்கும் முடிக்கும் கடும் வெயில் நல்லதில்லை, அதன் நிறத்தையும் உறுதியையும் குறைக்கும். கைக்கும் காலுக்கும் வெயில், தலைக்கு நிழல்.

மழைக்காலக் கேள்வி நம் மாவட்டத்துக்கே உரியது. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். மெல்லிய மேகத்தின் வழியே கதிர் ஓரளவு வரும், கறுத்த மேகத்தில் வெகுவாகக் குறையும். மேகம் விலகும் அரைமணியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மே மாதம் வரை சேர்த்தது உடலில் சில வாரம் தாங்கும்.

சாளை மலிவாகக் கிடைக்கும்போது

உணவில் டி மிகக் குறைவாகவே இருக்கிறது. அதிலும் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். கொழுப்புள்ள கடல் மீன்கள் அதன் நல்ல இருப்பிடம். மத்தி என்று பிற ஊர்களில் சொல்லும் சாளை, அயிலை, சூரை எல்லாம் குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் கரைக்கு வருகின்றன. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிடும் வீட்டுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயில் பொரிக்கும்போது டியில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் குழம்பாக வையுங்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேகமும் அதே மாதங்களில்தான் மூடும். வெயிலும் மீனும் சேர்ந்து குறையும் அந்த இரண்டு மாதத்தில் நாட்டுப் படகுகள் கொண்டுவரும் சாளையைத் தேடி வாங்குங்கள்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு முட்டை மஞ்சள் கரு, வெயிலில் அரை மணி வைத்த காளான், உறையில் "+எஃப்" குறி உள்ள வைட்டமின் சேர்த்த பால், எண்ணெய் ஆகியவை உண்டு. அவற்றால் மட்டும் குறைவு நிரம்பாது. முடிக்கு டியைவிடப் புரதமும் இரும்பும் முக்கியம். பயறு, முட்டை, மீன், முருங்கைக்கீரைத் துவரன், கேழ்வரகு எல்லாம் தட்டில் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், தேயிலை இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

60,000 யூனிட்: கவனமாகப் படியுங்கள்

நான் பயப்படும் இடம் இதுதான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளுக்குத் தேவையான டி 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பெரிய மாத்திரையிலும் தூள் உறையிலும் இருப்பது 60,000 யூனிட். அதாவது ஒன்றில் நூறு நாள் தேவை அடங்கியிருக்கிறது. குறைவு உறுதியானவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் எழுதுவார். அதைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டு விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இரண்டு மாதம் அப்படிச் சாப்பிட்டுவிட்டு, ஓயாத வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம் என்று மருத்துவமனையில் படுத்தார். டி மீறிப்போனால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டி கொழுப்பில் தங்குவது, மாத்திரையை நிறுத்தினாலும் இறங்க மாதக் கணக்காகும்.

அன்றிலிருந்து அந்த அட்டையைக் கொடுக்கும்போது, ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் பேனாவால் தேதி எழுதித் தருகிறேன். எட்டு மாத்திரை என்றால் எட்டு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வாங்கும் கடையிலும் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் நீங்களே எழுதுங்கள். கொழுப்புள்ள உணவு சாப்பிட்ட பிறகு எடுங்கள், அப்போதுதான் நன்றாகச் சேரும். மருத்துவர் சொல்லாமல் இரண்டாவது சுற்று வேண்டாம். சிறுநீரகக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். வேறு கால்சியம் மாத்திரையிலோ சத்து மாவிலோ டி சேர்ந்திருக்கிறதா என்று உறையைத் திருப்பிப் பாருங்கள். தானாக வாங்கிச் சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 4,000 யூனிட் என்பது தாண்டக் கூடாத கோடு.

முடிக்கென்று செய்ய வேண்டியது

காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வுக்குப் பொறுமையும் சாப்பாடும் போதும். வகிடு அகலும், உச்சி தெளியும் பரம்பரை மெலிவுக்கு மினாக்சிடில் என்ற தடவும் மருந்து நன்கு சோதித்துப் பார்க்கப்பட்டது. தொடங்கிய முதல் சில வாரத்தில் உதிர்வு கூடியது போலத் தோன்றும். பழைய முடி விழுந்து புதியதற்கு வழிவிடுகிறது, அதற்காக நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடக் கூடாது. ஆண்களுக்கு எழுதப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் யாரிடமும் வாங்காதீர்கள்.

எண்ணெயைப் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் ஊடுருவி, தலை கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். முடி முறிவது குறையும். செம்பருத்தி இலையை அரைத்தெடுக்கும் தாளி தலையை மென்மையாகச் சுத்தம் செய்யும். பாட்டிமார் சொன்ன இந்த இரண்டையும் நானும் வீட்டில் விடவில்லை. ஆனால் சுருங்கிப்போன முடிக் குழியை எந்த எண்ணெயும் மீட்காது, எந்த எண்ணெயைத் தலையில் தடவினாலும் டி ஏறாது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம். தோலுக்கு அடியில் இருக்கும் குழி வரை அது போவதில்லை.

வட்ட வட்டமாகப் போனால், தலைத் தோலில் சீழ், வலி, தழும்பு போன்ற பளபளப்பு இருந்தால், பெண்ணுக்கு முடி மெலிவதோடு முகத்தில் முடி வளர்ந்து மாதவிடாயும் தவறினால், குழந்தையின் தலையில் செதிலோடு முடி முறிந்தால், மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு அது பெரும்பாலும் படர்தாமரை, தடவும் மருந்து மட்டும் போதாது. தழும்பாகும் வகையில் குழி அழிந்தால் திரும்ப வராது, வாரங்கள்கூட முக்கியம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது எடுத்த பரிசோதனைத் தாள்கள், சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள், மாதம் ஒன்றாக எடுத்த படங்கள் மூன்றையும் கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கும் பதில் அவற்றிலேயே இருக்கும்.

அந்த அம்மாவுக்கு அன்று கூடின மாத்திரை எதையும் நான் கொடுக்கவில்லை. மருத்துவரைப் பார்த்து, சீட்டோடு மறுநாள் வந்தார். ஃபெரிட்டின் 11. இரும்பு மாத்திரையும், எட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதிய டி அட்டையும் வாங்கிப் போனார். நாட்காட்டியில் ஐப்பசி முதல் வாரத்தை வட்டமிடச் சொன்னேன், மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் இரண்டையும் திரும்பப் பார்க்க. ஐப்பசியில் வந்து, தலையைக் குனிந்து, நெற்றியோரத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். நரையும் கறுப்புமாகக் குட்டை முடிகள் இரண்டு விரல் கனத்துக்கு நட்டுக்கொண்டு நின்றன. புதிய தாளில் டி 31, ஃபெரிட்டின் 38. டி மாத்திரையை மருத்துவர் நிறுத்தியிருந்தார், இரும்பு இன்னும் மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தார்.